இருபது சொற்களில் பதினேழாவது

1

வியாழக்கிழமைகளில் என் மகள் யாழினி இருபது சொற்களோடு வீட்டுக்கு வருவாள். இங்கே, வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன நகரத்தில், ஏழாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை மிஸ் ஹாரிஸ் வாராவாரம் ஒரு தாள் கொடுக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுத வேண்டும், அதை ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும், பிறகு அது எந்த மொழியில் பிறந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

யாழினிக்கு அந்த மூன்றாவது வேலைதான் உயிர். விண்டோ என்றால் பழைய காலத்தில் 'காற்றின் கண்' என்று பொருளாம். மஸில் என்பது லத்தீனில் 'சுண்டெலி'. கையை மடக்கினால் தோலுக்கு அடியில் எலி ஓடுவது போலத் தெரிந்ததாம் யாருக்கோ. பேஷன்ட் என்றால் துன்பத்தைப் பொறுத்துக்கொள்பவர். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்ப்பவள். அதைக் கேட்ட மறுநாள் முழுக்க, அடுத்த பேஷன்ட் என்று கூப்பிடும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

இந்த மொழியோடு எனக்குச் சண்டை நிறைய நடந்திருக்கிறது. வந்த முதல் மாதம் ஒரு பெரியவரை நெஞ்சு எக்ஸ்ரேக்கு நிறுத்தி, 'மூச்சைப் பிடிங்க' என்று மனதில் தமிழில் சொல்லிக்கொண்டு, வாயால் 'கேட்ச் யுவர் பிரத்' என்றேன். இங்கே அதற்கு, மூச்சு வாங்குகிறதே, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவர் நன்றி சொல்லிவிட்டு நிதானமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். படம் கலங்கிப் போனது. இதெல்லாம் பதினொரு வருடத்துக்கு முன்னால். யாழினி அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, பதினேழாவது வார்த்த கேளு. இது நம்ம வார்த்தமா! தமிழ்!"

"எது?"

"பரையா."

ஆங்கிலேயர் நாக்கு அது. நடு எழுத்தை வழுக்கவிட்டு, கடைசியை நீட்டிச் சொன்னாள். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. மறு நொடி புரிந்தது.

"தமிழ்ல பறைன்னா டிரம் தானே? அத அடிக்கறவங்க பேர்லருந்து வந்திருக்கு. கூல், இல்ல?" என்றாள். பிறகு தான் எழுதிய வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். பொய் சொன்னதால் அந்தப் பெண் தன் பள்ளியில் ஒரு பரையா ஆனாள். பொருள் என்ற இடத்தில், எல்லாராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"அடுத்த வியாழன் ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தைய பத்தி பேசணும். பேரன்ட்ஸ் எல்லாம் வரலாம். நான் இததான் எடுத்திருக்கேன். அனன்யா கட்டமரான் எடுத்துட்டா, அதுவும் தமிழ்தானாம்."

நான் அடுப்பை அணைத்தேன். குழம்பு இன்னும் கெட்டிப்படவில்லை.

அந்தப் பதினேழாவது சொல் எங்கள் சாதியின் பெயர். பன்னிரண்டு வயது மகளுக்கு அதுவரை நாங்கள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

2

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்கடலைக் கொல்லைகள் வழியாக நடந்தால் எங்கள் ஊர். ஊர் என்று நான் சொன்னாலும், ஊர் வேறு, காலனி வேறு. நாங்கள் காலனி. அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தந்தவரும் அவர்தான். அந்தத் தாளில் இந்து என்பதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் அதே சொல், ஓரிரு எழுத்து மட்டும் மாறி, இருக்கிறது. அந்தச் சான்றிதழால்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் அதை வைத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன்.

அந்தச் சொல்லின் ஆங்கில வடிவத்தை நான் முதலில் சந்தித்தது பதினொன்றாம் வகுப்பில். நானும் அண்ணனும் படிப்பதற்காக அப்பா இரண்டு வருடம் டவுனில், கோயிலைச் சுற்றி மேல்சாதிக்காரர்கள் இருக்கும் மாட வீதிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆங்கில வகுப்பில் செய்தித்தாள் பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லும் பயிற்சி. அதில் ஏதோ ஒரு நாட்டை உலகமே ஒதுக்கிவைத்தது என்று சொல்ல இந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். டீச்சர் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திச் சிரித்தார்.

"இதுக்கு டிக்ஷனரியே வாணாம்டி. நம்ம ஊரு வார்த்ததான். எல்லாருக்கும் தெரியும்ல?"

வகுப்பு சிரித்தது. முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஸ்காலர்ஷிப் பாரம் கொடுப்பதற்காக, எஸ்.சி. பொண்ணுங்க எல்லாம் எழுந்திருங்க என்று வகுப்பில் நிற்க வைத்திருந்தார்கள். அதனால் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் நோட்டில் அந்தச் சொல்லை எழுதினேன். பொருளுக்கு இடம் விட்டு எழுதினேன். அந்த இடத்தை நிரப்பவே இல்லை. எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு எத்தனையோ பாரங்கள் நிரப்பினேன். விசாவுக்கு, வேலைக்கு, டாக்டரிடம் பதிவு செய்ய, யாழினியைப் பள்ளியில் சேர்க்க. எல்லாவற்றிலும் இனம் என்று ஒரு கேள்வி இருக்கும். ஆசியர், இந்தியர் என்று ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு டிக். முதல் தடவை அந்த டிக்கைப் போட்டுவிட்டு நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? மாட வீதிக்காரருக்கும் எனக்கும் ஒரே கட்டம். இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கேட்டார்கள். கேட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, அவ்வளவுதான்.

3

என் கணவர் சேகர் ஆரணிப் பக்கம். எங்கள் ஆட்கள்தான். இங்கே ஒரு கிடங்கில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்தவரிடம் தாளைக் காட்டினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தார்.

"வேற வார்த்த எடுக்கச் சொல்லு. கறி இருக்குது, சுருட்டு இருக்குது. ரெண்டுமே இங்கிலீஷ்ல கீது இல்ல?"

"எதுக்குன்னு கேப்பா."

"ஏதாவது சொல்லு மலர். அவளுக்கு எதுக்கு இது? அவ இங்க பொறந்த பொண்ணு மாதிரி. அந்தப் பேரு நம்மளோட முடியட்டுமே."

"முடியலியேங்க. தாள்ல அச்சடிச்சு வீட்டுக்கே வந்துட்டுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை. நடந்ததை அதிகம் பேச மாட்டார், அவ்வளவுதான். ஆரணியில் அவர் படித்த காலத்தில் டீக்கடையில் அவருக்கு மட்டும் தனி கிளாஸ். அதை என்னிடம் சொன்னதே கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான்.

"அனன்யா அதே கிளாஸ்ல இருக்குறா," என்றார். "அவங்க அம்மா வருவாங்க. அங்கருந்து விஷயம் தமிழ்ச் சங்கத்துக்குப் போவும். பொங்கலுக்குப் போனா ஒவ்வொருத்தன் பாக்குற பார்வையும் மாறிடும். அத தாங்கிக்குவாளா அவ?"

அது நியாயமான பயம். என்னிடமும் அதே பயம் இருந்தது. ஆனால் இன்னொரு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்றும் தெரியாமல் என் மகள் அத்தனை பேர் முன்னால் நின்று, இது எங்கள் தமிழ்ச் சொல் என்று பெருமையாகச் சொல்லப் போகிறாள். அதைக் கேட்டு, விஷயம் தெரிந்த ஒருவர் உள்ளுக்குள் சிரிக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் நான் நின்ற இடத்தில், என்னவென்றே தெரியாமல் அவள் நிற்பாள்.

"நான் சொல்லப் போறேன்," என்றேன். "உங்கள கேக்கல. சொல்லிட்டு செய்யணும்னு சொல்றேன்."

அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தபோது, வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லவில்லை.

4

சனிக்கிழமை காலை நீச்சல் வகுப்பு முடிந்ததும் யாழினியைக் கால்வாய்க் கரையோரம் நடக்கக் கூட்டிப்போனேன். தலை இன்னும் ஈரமாக இருந்தது அவளுக்கு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன்.

தாசில்தார் முத்திரை மங்கிப்போன அந்தத் தாளை அவள் வரிவரியாகப் படித்தாள். சொல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"ஸ்பெல்லிங் வேற," என்றாள். பிறகு, "அம்மா, இது அதே வார்த்தையா?"

"அதே வார்த்ததான்."

"அப்போ... நாமளா அது?"

ஆமாம் என்றேன். மற்றதையெல்லாம் அதன் பிறகு சொன்னேன். ஊர், காலனி, கிணறு, டீக்கடை கிளாஸ், எழுந்து நிற்க வைத்த வகுப்பு. மெல்ல ஆரம்பித்தேன், ஆனால் ஒன்றையும் குறைக்கவில்லை. அவளுக்குப் புரியாத இடங்களில் ஆங்கிலத்தில் சொன்னேன். விசித்திரமாக, ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்லும்போதுதான் பாதி வாக்கியத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் எழுதின சென்டன்ஸ்ல நம்மளையே திட்டியிருக்கேன்," என்றாள்.

"உனக்குத் தெரியாது கண்ணு."

"ஏன் தெரியாது? நீ ஏன் சொல்லல?"

இதற்கு நான் நாலைந்து பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். உனக்கு வயசு போதாது, இந்த ஊரில் தேவைப்படாது என்றெல்லாம். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

"வெக்கம்," என்றேன். "தப்பு பண்ணவங்கதான் வெக்கப்படணும். நாங்க ஒரு தப்பும் பண்ணல. ஆனாலும் வெக்கமா இருந்துச்சு. அது ஏன்னு எனக்கே இன்னும் சரியா தெரியல."

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். என்மேல் முதலில், பிறகு அகராதிமேல், பிறகு மிஸ் ஹாரிஸ்மேல். எழுந்து கொஞ்ச தூரம் தனியாக நடந்துபோய்த் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பறைன்னா டிரம் மட்டும்தானா?"

"சொல்றதுன்னும் அர்த்தம். பழைய தமிழ்ல பறைதல்னா பேசுறது, சொல்றது. கேரளாவுல இன்னிக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அது வெப்சைட்ல இல்லியே."

"நம்மள கேட்டு எழுதியிருந்தா இருந்திருக்கும்."

வேறு வார்த்தை எடுக்கட்டும் என்று அவள் அப்பா சொன்னதையும் சொல்லிவிட்டேன். மறைப்பதில்லை என்று முடிவு செய்தபின் அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? முடிவு உன்னுடையது, எதை எடுத்தாலும் நாங்கள் உன் பக்கம் என்றேன்.

"நான் மாத்த மாட்டேன்," என்றாள். "சென்டன்ஸ்தான் மாத்துவேன்."

5

அனன்யாவின் அம்மா கீதா என் தோழி. ஒன்பது வருடப் பழக்கம். திருவண்ணாமலை டவுன்தான் அவளும். இந்தக் குளிர் தேசத்தில், தீபத்தன்று மலையில் நெருப்பு தெரிந்ததும் கையைத் தூக்கிக் கும்பிடும் பழக்கம் உள்ள இன்னொரு ஆள் கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம். யாழினிக்கு அம்மை போட்டபோது ஒரு வாரம் ரசமும் சோறும் கொண்டுவந்து கொடுத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து நடக்கப் போவோம்.

அறிமுகமான முதல் நாள் அவள் கேட்டாள், தி.மலையில எந்தத் தெரு என்று. நான் அப்பா வாடகைக்கு எடுத்திருந்த அந்தத் தெருவின் பெயரைச் சொன்னேன். பொய் இல்லை. இரண்டு வருடம் இருந்தோமே. ஆனால் அந்தப் பதில் எதற்காக என்பது எனக்குத் தெரியும். அவள் முகம் மலர்ந்தது. ஒன்பது வருட நட்பு அந்தப் பாதிப் பொய்யின் மேல் நின்றது.

மகள் வாயால் அவள் கேட்பதற்கு முன் என் வாயால் கேட்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்தச் சாதி, எந்தக் காலனி, வியாழக்கிழமை யாழினி எதைப் பற்றிப் பேசப் போகிறாள், எல்லாம்.

கீதா டீயைக் கீழே வைத்தாள்.

"இத எதுக்கு இப்ப சொல்ற மலர்? நான் என்னிக்காவது உங்கிட்ட வித்தியாசமா நடந்துக்கினேனா?"

"இல்ல. உனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தாலும் நடந்திருக்க மாட்டேன்."

"இருக்கலாம். ஆனா மொத நாளு நீ எந்தத் தெருன்னு கேட்ட. நான் மாத்திச் சொன்னேன்."

"அய்யோ, அது சும்மா கேட்டது. ஒரே ஊராச்சேன்னு."

"சும்மா யாரும் கேக்கறதில்ல கீதா."

அந்த வாக்கியம் நான் திட்டமிட்டது இல்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் முகம் இறுகியது. அனன்யா மாடியில் ஏதோ பாட்டு போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பாட்டைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தோம். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். வாசல் வரை வந்தாள், எப்போதும் சொல்வது போல அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று சொல்லவில்லை.

திரும்பி நடந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். திரும்பிப் போய்ச் சொன்னதை இல்லை என்று ஆக்கிவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை.

6

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் மிஸ் ஹாரிஸைப் பார்க்க நேரம் கேட்டிருந்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நான் சொல்லச் சொல்ல அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டே போனது.

"எனக்குத் தெரியவே தெரியாது. என்னை மன்னித்துவிடுங்கள்," என்றார். "இன்றைக்கே அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்."

"எடுக்க வேண்டாம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புகார் சொல்ல வந்தவள் என்று நினைத்திருந்தார். நான் வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகி வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எடுத்துவிட்டால் சொல் போய்விடாது, செய்தித்தாளில் இருக்கும், அகராதியில் இருக்கும். இந்தப் பிள்ளைகள் அதை வேறெங்காவது கற்றுக்கொள்வார்கள். அப்போது பக்கத்தில் சொல்லித்தர யாரும் இருக்க மாட்டார்கள். சொல் இருக்கட்டும். அது யாருடைய பெயர், அவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று இடத்தில் பிழை இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை பெற்றோருக்காகப் பின்வரிசையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கீதா வந்திருந்தாள், மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். பேச்சு தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. சேகர். வேலையிடத்து அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. வருவதாகச் சொல்லவே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அனன்யா கட்டுமரத்தைப் பற்றி நன்றாகப் பேசினாள். கட்டிய மரம் என்று பிரித்துச் சொல்லி, பென்சில்களை நூலால் கட்டிக் காட்டினாள். ஒரு பையன் குவாரன்டைன் என்றால் நாற்பது நாள் என்று சொன்னான். பிறகு யாழினி.

கையில் தாள் இருந்தது, பார்க்கவில்லை. சொல்லைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழில் பறையர் என்று எழுதினாள். றை கொஞ்சம் கோணலாக வந்தது.

"அகராதியில் இதற்கு வெறுத்து ஒதுக்கப்பட்டவர் என்று போட்டிருக்கிறது," என்றாள். "போன வாரம் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் இது ஒரு திட்டு இல்லை. இது ஒரு சமூக மக்களின் பெயர். பறை அடித்தார்கள், நிலத்தில் வேலை செய்தார்கள், மற்றவர்கள் அவர்களைத் தள்ளி வைத்தார்கள். கப்பலில் போன வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் செய்த கெட்ட காரியத்தை, அதை அனுபவித்தவர்களின் பெயருக்குப் பொருளாக எழுதிவிட்டார்கள். அவர்கள் பழங்காலத்து மக்கள் இல்லை. என் தாத்தா அங்கே இருக்கிறார். என் அம்மா அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன்."

வகுப்பு திரும்பி எங்களைப் பார்த்தது. இருபத்தேழு முகங்கள். எனக்கு முதுகு நிமிர்ந்தது. சேகர் என்ன செய்வாரோ என்று பயந்தேன். அவர் கையை லேசாக உயர்த்தி, ஆமாம், நான்தான் என்பது போலக் காட்டினார்.

முன்வரிசையில் ஒரு பையன் கேட்டான். "அப்படியென்றால் நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா, கூடாதா?"

யாழினி யோசித்தாள். "உன் குடும்பப் பெயர் என்ன?"

"கார்ட்டர்."

"ஒரு நாட்டில் திருடனுக்குக் கார்ட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வை. உன்னைத் தெரியாமல்தான் வைத்தார்கள். நீ அங்கே போய் இதைச் சொன்ன பிறகும் அவர்கள் அப்படியே சொன்னால்?"

பெரிய கைதட்டல் எல்லாம் இல்லை. எல்லாருக்கும் தட்டிய அளவுக்குத் தட்டினார்கள். மிஸ் ஹாரிஸ் மட்டும் கொஞ்ச நேரம் பலகையை அழிக்காமல் வைத்திருந்தார்.

7

அடுத்த வாரப் பட்டியலோடு பழைய தாளின் திருத்தமும் வந்தது. பதினேழாவது சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இன்றும் வாழும் ஒரு சமூக மக்களின் பெயரிலிருந்து வந்தது, அவர்களை அவமதிக்கும் பயன்பாடு என்று. வாக்கியத்தில் வைத்துக் காட்டவும் என்ற கட்டளை அந்தச் சொல்லுக்கு மட்டும் நீக்கப்பட்டிருந்தது. இரண்டே வரிதான். உலகம் மாறிவிடவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்கு வரும் ஏதோ ஒரு பிள்ளை அந்த இரண்டு வரியோடுதான் அந்தச் சொல்லைச் சந்திக்கும்.

கீதா மூன்று ஞாயிறு நடக்க வரவில்லை. தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் பொங்கல் கோலப் பொறுப்பில் வழக்கமாக இருக்கும் என் பெயரை இந்த முறை காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. தெரியாமலா போய்விடும் என்று சேகர் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு ஆச்சரியம். குழுவில் நானே எழுதினேன், கோலம் நான் போடுகிறேன், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் நேரத்தை அனுப்பினார்.

நாலாவது ஞாயிறு காலை கதவைத் திறந்தால் கீதா நடைக்கான காலணியோடு நின்றாள். கால்வாய் வரை பேசவே இல்லை. பிறகு எதிரில் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான். சும்மா கேக்கல. தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க, நானும் கேட்டுட்டேன். கேட்டது தப்புன்னு தோணவே இல்ல, நீ சொல்ற வரைக்கும்."

பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொல்வது எனக்கு எளிது, அவளுக்கும் எளிது. சொல்லவில்லை. "சொன்னியே, அது போதும்," என்றேன். இன்னும் ஒரு மைல் நடந்தோம். பழைய மாதிரி ஆகுமா என்று தெரியவில்லை. பழைய மாதிரி ஆக வேண்டுமா என்றும் தெரியவில்லை.

அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். இங்கே காலை பதினொன்று, அங்கே மாலை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தவர், கேட்கும்போது குறுக்கே பேச மாட்டார்.

"கொயந்த எங்க? குடு," என்றார்.

யாழினியிடம் கொடுத்தேன்.

"இன்னா பேசினியோ அத அப்படியே தாத்தாவுக்கு சொல்லு."

"இங்கிலீஷ்ல பேசினேன் தாத்தா."

"தமிழ்ல சொல்லு. தப்பா வந்தா வரட்டும். ஒண்ணியும் அவசரம் இல்ல."

அவள் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள். ஒதுக்கினாங்க என்பதற்குச் சொல் கிடைக்காமல் தள்ளினாங்க என்றாள். தாத்தா காத்திருந்தார். என் தாத்தா அங்க இருக்காரு என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்தினார். 

"இருமா, இருமா," என்றார் அப்பா. நாற்காலி நகரும் சத்தம், வாசல் கதவு திறக்கும் சத்தம், ஒரு பைக் போகும் சத்தம். "டேய், அந்தப் பாட்ட நிறுத்துங்கடா. எங்க பேத்தி லண்டன்லருந்து பேசுறா." நாங்கள் இருப்பது லண்டன் இல்லை. அவருக்கும் அது தெரியும். "ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் கண்ணு. தெருவுல பத்து பன்னெண்டு பேரு கீறாங்க. மொதல்லருந்து சொல்லு. சத்தமா சொல்லு."

யாழினி என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.